ரூமோடு சாப்பாடு போட்ட ஜமால் பாய்

செய்தியைச் சொன்னவர் என் மாமனார். கண்டமங்கலத்திலிருந்து அவர் காலையிலேயே போன் செய்தால் என்மேல் ஏதோ புகார் என்று அர்த்தம். பயந்துகொண்டே எடுத்தேன். "மாப்ளே, நம்ம ஜமால் பாய் போய்ட்டாரு" என்றார்.

திண்டிவனத்தில் பாயின் மாடியில் குடியிருந்த பிரம்மச்சாரிகளுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்த ஊர் கோட்டக்குப்பம். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, மாடியில் ரூம், கீழே சமையல் என்று ஆரம்பித்தார். ரூம் மட்டும் கேட்டால் கிடையாது. "சாப்பாடு வேணாம்னா வேற இடம் பாரு. கல்ஃப்ல தனி ரூம்ல பன்னைத் தின்னுக்கினு படுத்திருந்தவன் நான். எம்மாடியில அது நடக்காது" என்பார். யாராவது சாப்பிட இறங்கி வராவிட்டால் கதவைத் தட்டுவார். காய்ச்சலா, காதலா என்று தெரியாமல் நகரமாட்டார். இரண்டுக்கும் மிளகு ரசம்தான் மருந்து.

எனக்குப் பெண் கிடைக்காத காலம் அது. விழுப்புரத்தில் ஆபீஸ், தலையில் முடி அவசரமாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் மாடி நண்பர்கள் என்னைப் புகழ்ந்த புகழ்ச்சியில் எல்லோருக்கும் சந்தேகம் வந்து, வரன்கள் தட்டிப்போயின. கண்டமங்கலம் இடமும் போய்விடக் கூடாதென்று பாயிடம் கெஞ்சினேன். வெங்காயம் அரிந்துகொண்டே, "பொய் சொல்ல வராது தம்பி" என்றார்.

மாமனார் வந்தார். பாய் முதலில் அவரை உட்காரவைத்து மீன் குழம்பு ஊற்றினார். பிறகுதான் பேச்சு. மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். சோம்பேறி, ஊர்வம்பெல்லாம் அவன் வாயில்தான் என்று பாய் ஒளிக்காமல் அடுக்கினார்.

"குடிப்பானா?" என்றார் மாமனார்.

"குடிக்கிறவனுக்கு என் கொழம்புல தினமும் குத்தம் கண்டுபிடிக்க நாக்கு இருக்குமாங்க? வாய்தான் பேஜாரு. ஆனா நான் காய்ச்சல்ல படுத்தப்ப மாடி மொத்தத்துக்கும் கஞ்சி வெச்சது அவன்தான். கேவலமா இருந்துச்சு. ஆனா வெச்சான்."

மாமனார் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது. அதன்பின் விழுப்புரத்தில் இருக்கும் மகள் வீட்டைத் தாண்டித் திண்டிவனம் போய்ப் பாயிடம் சாப்பிட்டுவருவார்.

அடக்கத்துக்கு மாமனாரும் நானும் கோட்டக்குப்பம் போனோம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பாயின் மருமகன், "மாமா திண்டிவனத்துல எப்படிங்க இருந்தாரு?" என்று கேட்டார். பிடிவாதக்காரர், குழம்பில் புளியை அள்ளிப் போடுவார், விடுமுறை நாளில்கூடத் தூங்கவிடமாட்டார் என்றேன். அவர் முகம் மாறியது. குறையை முதலில், நல்லதைப் பிறகு: பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வரிசைதான். அதற்கப்புறம் நான் சொன்ன நல்லதையெல்லாம் மருமகன் ஒரு வார்த்தை விடாமல் நம்பினார்.