பழுது என்று எழுதிய கட்டில்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் மேடம்'. அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைகூட உண்டு. பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த பாடத்துக்குப் புத்தகம் கிடையாது. ஊரில் நிஜமாகவே ஒரு தொல்லை இருக்க வேண்டும், அதற்கு யாரிடமும் விடை இருக்கக் கூடாது. பிள்ளைகள் போய்ப் பார்த்து, கேட்டு, விசாரித்து ஒரு வழி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம். வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் வகுப்பிலேயே, "ஒரு ஆப் பண்ணிடலாம் மேடம்" என்பார்கள். தொல்லை என்னவென்று அவர் இன்னும் சொல்லியே இருக்க மாட்டார். "யாருக்குப் பண்ணணும்? ஏன்?" என்று ஆரம்பிப்பார். அந்த 'ஏன்' பருவம் முடியும்வரை ஓயாது. தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளாத பிள்ளை இல்லை.

அந்தப் பாடத்தை அவர் தனியாக உண்டாக்கவில்லை. அவர் அறையில் இன்னொரு மேஜை உண்டு. துறையில் எல்லோரும் 'இதெல்லாம் ஒரு பாடமா' என்று சிரித்தபோது, அந்த மேஜைக்காரரும் இவரும் சேர்ந்து மல்லுக்கட்டி வாங்கியது அது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் வகுப்பெடுப்பார். ஒருவர் சாப்பாட்டில் மற்றவர் கை வைப்பார். உலகத்தையே 'ஏன்' என்று குடைந்த அம்மையார், எதிர்மேஜைக்காரரை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு எடுத்துக்கொண்டது பெரிய மருத்துவமனை. அவசரமாக வருகிற நோயாளிக்குக் கட்டில் கிடைக்க ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? உள்ளே போக அனுமதி கிடைத்தது. வாய் திறந்து பேசத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில் ஏன் மேடம் தன் தங்கையிடம் போய் நின்றார். அவள் அங்கே ஒரு வார்டின் தலைமை நர்ஸ்.

"என் வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல அக்கா?"

"உன் பேரும் வராது, வார்டு பேரும் வராது. நான் இருக்கேன்ல."

பிள்ளைகள் போனார்கள். கேள்வியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், முதலில் வேலையில் கை கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். விரிப்பு மடித்தார்கள், சக்கர நாற்காலி தள்ளினார்கள். அப்போதுதான் மூலையில், பச்சைத் திரைக்குப் பக்கத்தில் இருந்த கட்டில் கண்ணில் பட்டது. 'பழுது' என்று அட்டை தொங்கியது. கட்டிலோ குத்துக்கல்லாட்டம் இருந்தது.

"அது நல்லாத்தான் இருக்கு" என்று தங்கையே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "காலின்னு ஆபீஸ்ல சொன்னா, யாராவது பெரிய மனுஷன் போன் பண்ணி, சும்மா செக்கப்புக்கு வர்றவங்களைப் போட்டுடுவாங்க. மூச்சு விட முடியாம ஒருத்தர் வந்து நின்னா நான் எங்கே படுக்க வைப்பேன்? அதுக்குத்தான் இந்தப் பொய்."

ஏன் மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று கையில் சிக்கியதில்லை. வகுப்பில் சொன்னார்: "பொய் சொன்னது யாருன்னு எழுதாதீங்க. பொய் சொல்ல வச்சது எதுன்னு எழுதுங்க." பிள்ளைகள் அப்படியே எழுதினார்கள். ஒவ்வொரு வார்டிலும் ஒரு கட்டிலை அவசரத்துக்கென்று வெளிப்படையாகவே ஒதுக்க வேண்டும், யார் போன் செய்தாலும் அதைத் தொடக் கூடாது. யோசனை எங்கிருந்து வந்தது என்று அந்தக் கட்டிலின் படத்தோடு காட்டிய பக்கத்தை மட்டும் அவர் எடுத்துவிட்டார். எதிர்மேஜைக்காரரிடம் காரணமும் சொன்னார். "அது சரிதான்" என்று அவர் தலையாட்டினார்.

பிள்ளைகள் ஆய்வை அரங்கேற்றும் நாளில் மருத்துவமனை நிர்வாகியே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஏன் மேடம் அவருக்குப் பக்கத்தில். குழுத்தலைவியான மாணவி தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டே போனாள். திடீரென்று திரை முழுக்க அந்தக் கட்டில். பச்சைத் திரை, அட்டை, எல்லாம். பெயர் இல்லை, வார்டு பெயர் இல்லை; கொடுத்த வாக்கு எழுத்தளவில் அப்படியே இருந்தது. ஆனால் அங்கே வேலை பார்க்கிற எவருக்கும் அது எந்த மூலை என்று தெரியும். நிர்வாகி முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார்.

முடிந்ததும் மாணவியைத் தனியாக அழைத்தார். "அந்தப் பக்கம் எப்படி வந்துச்சு?"

"சார்தான் சேர்க்கச் சொன்னாங்க மேடம். நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்களே." அவள் முகம் பேயறைந்ததுபோல் ஆனது.

அறையில் எதிர்மேஜைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது இல்லைன்னா வெறும் உபதேசம் மேடம். ஆதாரம் வேண்டாமா? கண்டுபிடிச்சதை மறைக்கவா சொல்லிக் கொடுக்கறோம்?"

"அவ என் தங்கச்சி. உங்களுக்குத் தெரியும்."

"பேரு எங்கேயும் வரலையே."

மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வு மையம் தொடங்கப் போவதும், அதற்கு எதிர்மேஜைக்காரர்தான் இயக்குநர் என்பதும் பிறகு வெளியே வந்தன. அந்தப் படத்தைப் பார்த்த கையோடு பேசி முடித்துவிட்டார்களாம். எதிரி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பார். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர் குழி பறித்தார் என்பதுதான் ஏன் மேடத்துக்கு ஆறவில்லை. அந்த மேஜையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

தங்கையை விசாரித்தார்கள். பொய்க் கணக்குக் கொடுத்தாள் என்று வார்டிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்துச் சாமான் கிடங்கில் போட்டார்கள். அங்கே நோயாளியே கிடையாது. பஞ்சும் கையுறையும்தான்.

ஏன் மேடம் அங்கே போனார். நின்றுகொண்டே எதிர்மேஜைக்காரரைத் திட்டித் தீர்த்தார். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன், நன்றிகெட்டவன் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார். தங்கை பெட்டிகளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் எனக்கு யாரு அக்கா? நான் உன்னைத்தானே நம்பினேன்" என்றாள். பிறகு, "அந்தப் படம் வந்தப்போ நீ எங்கே இருந்தே?"

"முதல் வரிசையில. நிர்வாகி பக்கத்துல."

"ஏதாவது சொன்னியா?"

"இல்ல."

"சும்மா உக்காந்திருந்தியா?"

பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தங்கை முகத்தைப் பார்த்து முடியவில்லை.

"முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்."

தங்கை கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். பிறந்ததிலிருந்து அக்காவை வா, போ என்றே பேசி வளர்ந்தவள்.

"சரி" என்றாள். "எனக்கு வேலை இருக்கு. நீங்க போயிட்டு வாங்க."