எதிர்வீட்டுக்காரரின் சாட்சி

எனக்குப் பயம் வந்தால் நகைச்சுவை வரும். மற்றவர்களுக்கு வியர்க்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். இதனால் ரங்கூனில் நான் பட்ட அடிகளுக்கும் வசவுகளுக்கும் கணக்கில்லை. மகளுக்குப் பத்து வயதானபோது அது என்னைக் கிட்டத்தட்ட மூழ்கடித்தது.

பத்து வயதானால் பர்மாவில் பிள்ளைகளுக்கு அடையாளக் கார்டு கொடுப்பார்கள். அதிகாரிகள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்து, விரல்ரேகை பதித்துக்கொண்டு போவார்கள். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்த ஒரு மழைக்காலத்தில் மகள் வீட்டுக்கு வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலேயே சொன்னாள்.

"டீச்சர் சொன்னாங்க, குடும்பப் பட்டியல்ல என் பேர் இருந்தாத்தான் வரிசையில நிக்கலாமாம். இல்லாதவங்க பின்னாடி பெஞ்சில உக்காந்திருக்கணுமாம். அப்பா, என் பேர் இருக்கா?"

"இருக்கும், இருக்கும்" என்றேன். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த மனைவியின் கை நின்றது. இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எங்கள் தாத்தா கப்பலின் அடித்தட்டில் மூட்டைகளோடு மூட்டையாக வந்து துறைமுகத்தில் இறங்கியவர். மூட்டைகளுக்காவது மேலே முத்திரை குத்தியிருந்தது. அவருக்கு அதுவும் இல்லை. அப்பா இங்கேயே பிறந்தார். அறுபதுகளில் நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அப்பா ஏறவில்லை. மண்ணின் மேல் பாசம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால் அவருக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி வரும். அந்த வாந்தியின் புண்ணியத்தில் நானும் ரங்கூனில் பிறந்து, ஒரு வெள்ளைக் கார்டுக்குச் சொந்தக்காரன் ஆனேன். தற்காலிகம் என்று அதில் அச்சடித்திருக்கும். தலை நரைத்த பிறகும் தற்காலிகம்தான். என் மனைவியுடையதும் அதே நிறம். நாங்கள் கார்டுப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று நண்பர்களிடம் சொல்வேன்.

மகளுடைய சிக்கலுக்கு மூலம் வேறு. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கமல்லவா? ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துக் கண்ணாடி வளையல் குலுங்க மனைவி தகரப் பெட்டியோடு ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போனாள். அங்கே அவள் அம்மா வீட்டில் ஒரு மருத்துவச்சி கையில் பிள்ளை பிறந்தது. மாமியார் பிறகு காலமானார். மருத்துவச்சி மகனோடு வேறெங்கோ போய்விட்டாள். டாலாவில் கேட்டால், "புருஷன் அக்கரைக்காரன், அங்கே போய் எழுது" என்றார்கள். எங்கள் வட்டாரத்தில் கேட்டால், "பிள்ளை அக்கரையில பொறந்தது, அங்கே போய் எழுது" என்றார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் படகில்தான் எழுதவேண்டும் போலிருந்தது.

கடைசியில் வட்டாரத் தலைவர் ஒரு வழி சொன்னார். அந்த மாதிரிப் பெரிய மனிதரை அங்கே லூஜி என்போம், நேரில் பேசும்போது சயா, அதாவது ஐயா. கார்டு உள்ள ஒருவர், இந்தத் தெருக்காரர், அலுவலகத்துக்கு வந்து பிள்ளை இந்த நாட்டில்தான் பிறந்தது என்று சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டால் பட்டியலில் சேர்ப்பார். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரிகள் வர ஒரு வாரம்கூட இல்லை.

இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். என் தொழில் மைக் செட். பர்மியச் சிறுவர்களுக்குத் துறவுச் சடங்கு என்றாலும் சரி, கோவில் தீமிதி என்றாலும் சரி, தெருவில் ஒலிபெருக்கி கட்டுபவன் நான். என் குரலைக் கேட்டு எழுந்து, என் குரலைத் திட்டிக்கொண்டே தூங்குகிற தெரு அது. ஒரு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமலா போய்விடும்?

மறுநாள் காலை தெருமுனைத் தேநீர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் நம் கடலோரத்து முஸ்லிம். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நானா. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பர்மியப் பேச்சில் பொதுவாகத் தொடங்கினேன்.

"பக்கத்து ஊரு தன்லியின்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். கார்டு சரியில்ல. அவருக்கு ஒரு பொண்ணு. இங்கதான் பொறந்தது. அந்தப் பொண்ணுக்குக் கார்டு குடுக்கலாமா, கூடாதா? என்ன சொல்றீங்க?"

"அந்த ஒருத்தர் மைக் செட் வச்சிருக்காரா?" என்றார் நானா, பாலைக் கலக்கிக்கொண்டே.

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் பர்மியப் பையன் முதலில் பேசினான். "இதுல என்ன கேள்வி? இங்க பொறந்தா நம்ம பிள்ளை. காலையில மொஹிங்கா திங்குது, கன்னத்துல தனகா பூசுது, என் தங்கச்சியோட ஸ்கூலுக்குப் போவுது. உங்களைவிட நல்லா பர்மிய பேசுது அண்ணே."

"என்னைவிட நல்லா ரிக்‌ஷா மாடுகூடப் பேசும்" என்றேன்.

"ரிக்‌ஷாவுக்கு மாடு ஏது? நான்தான் மாடு."

எதிர்வீட்டுக்காரர் அப்போதுதான் கோப்பையை வைத்தார். ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தா. நான் அவரை ஊலே, அதாவது மாமா என்று கூப்பிடுவேன். அவர் வாயைத் திறந்தால் கடையில் கரண்டிச் சத்தம் குறையும்.

"எல்லாரும் இரக்கமா பேசுறீங்க. சரி. அப்பன் காகிதம் இல்லாம உள்ள வந்தான். பிள்ளை பெத்தான். பெத்ததுக்காக நாட்டுல பங்கு குடுக்கணுமா? உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி பிள்ளை பெத்தா, வீட்டுல ஒரு அறையை எழுதிக் குடுப்பீங்களா?"

"விருந்தாளி மூணு தலைமுறையா பாத்திரம் கழுவிட்டு இருக்கான், ஊலே" என்றேன்.

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அதுக்குக் கூலி வாங்கிட்டீங்கல்ல?" என்றார்.

நானா குறுக்கே வந்தார். "பொறந்த பிள்ளை என்ன பாவம் செஞ்சுது? குடுக்கத்தான் வேணும்." அடுத்த மூச்சிலேயே தமிழுக்கு மாறி என்னிடம், "ஆனா தம்பி, இப்ப எல்லைப் பக்கம் புதுசு புதுசா வர்றானே, அவனுக்கெல்லாம் குடுத்தா நம்ம கார்டுக்கு மரியாதை இருக்காது பாத்துக்க" என்றார். என் தாத்தாவும் ஒரு காலத்தில் புதுசாகத்தான் வந்தார். அவருக்கு டீ கொடுத்தவர் யாரோ!

எண்ணிப் பார்த்தால் கடையில் பெரும்பாலோர் என் மகள் பக்கம். மனசு லேசாகி, கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். வாய்கள் எல்லாம் தேநீரில் இறங்கின.

ரிக்‌ஷாப் பையன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, நானே டெல்டாவுலேருந்து வந்து சித்தப்பா வீட்டுல படுத்திருக்கேன். என் பேரே இங்க எழுதல. நான் போனா என்னையும் உக்கார வச்சிருவாங்க."

வெற்றிலைக் கடை அம்மாளுக்கு மகன் அரசாங்க வேலைக்கு மனுப் போட்டிருந்தான். இந்த நேரத்தில் ஆபீஸ் பக்கம் போகக்கூடாதாம்.

கடையைக் கட்டும் நேரத்தில் நானாவைத் தனியாகப் பிடித்தேன். அவரிடம் ரோஸ் நிறக் கார்டு, அசல் குடிமக்கள் கார்டு, இருந்தது.

"என் பேரைப் பாத்தாலே அவன் ரெண்டு தடவ புரட்டுவான் தம்பி. உன் பேரோட என் பேரையும் சேத்துப் பாத்தா மூணு தடவ புரட்டுவான். கடை லைசென்ஸ் வேற வருது. என்னைத் தப்பா நினைக்காத." அவர் கண் கலங்கியிருந்தது. தேநீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். அன்றைக்கு அந்த இலவசத் தேநீர் இறங்கவே இல்லை.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. மகள் கண்ணாடி முன்னால் நின்று, படம் எடுக்கும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று பழகிக்கொண்டிருந்தாள். சிரிக்காமல், கண்ணை அகட்டி. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்து, "பின் பெஞ்சில உக்கார வச்சா, எல்லாரும் பாப்பாங்களா அப்பா?" என்றாள்.

"எதிர்வீட்டுக்குப் போங்க" என்றாள் மனைவி.

"அவரா? அவர் கடையில பேசினதை நீ கேக்கல."

"கேட்டேன். நீங்க கட்டுற ஸ்பீக்கரைவிட அவர் சத்தமாத்தான் பேசுறார். ஆனா அவர்கிட்ட கார்டு இருக்கு. அவருக்குப் பயமில்ல. போங்க."

அவர் வாசலில் ஆர்க்கிட் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"உன் பொண்டாட்டி வளைகாப்பு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "ஜுரம்னு லீவு போட்டுப் படுத்திருந்தேன். நீ ரெண்டு ஸ்பீக்கரையும் என் ஜன்னலைப் பாத்துக் கட்டினே."

பெண்டாட்டி மாசமாக இருந்த பெருமையில், தெருவுக்கே தெரியட்டும் என்று விடிந்ததிலிருந்து நலங்குப் பாட்டு வைத்திருந்தேன். சொந்த வீட்டு விசேஷம், வாடகை கிடையாது, சத்தத்தை மட்டும் ஏன் மிச்சம் பிடிக்கவேண்டும்?

"சண்டை போடத்தான் வந்தேன். உன் பொண்டாட்டி முகமெல்லாம் மஞ்சளா, வயித்தைத் தூக்கிட்டு எழுந்து வந்து, இலையில சோறு கட்டிக் குடுத்தா. ஒண்ணு ரொம்பப் புளிப்பு."

"புளியோதரை, ஊலே."

"தின்னேன். பிறகு பெட்டியோட போனா. திரும்பி வந்தப்ப பிள்ளையோட வந்தா. நடுவுல என்ன நடந்துது, நான் பாக்கல. பாக்காததை எப்படிச் சொல்றது? புருஷன் வீட்டுல பெத்தா என்ன? ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கு."

"முதல் பிள்ளையைத் தாய்வீட்டுலதான் பெக்கணும். அது எங்க வழக்கம்."

"எங்க வழக்கம், எங்க வழக்கம்" என்று அவர் தண்ணீர்க் குவளையை வைத்தார். "அதைத்தான் நானும் கடையில சொன்னேன்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

அதிகாரிகள் பள்ளிக்கு வரும் நாளுக்கு முந்தின நாள், சாட்சி இல்லாமலேயே மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனேன். கெஞ்சிப் பார்க்கலாம் என்ற யோசனை. லூஜி கண்ணாடியை மூக்கில் இறக்கி, "பிள்ளை எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார்.

என் வாய் திறந்துகொண்டது. "எல்லாப் பிள்ளையும் வர்ற இடத்துலேருந்துதான், சயா."

ஒருவரும் சிரிக்கவில்லை. மேல் விசிறி மட்டும் கிறீச்சிட்டது. மனைவி என் தொடையைக் கிள்ளியதில் லுங்கியைத் தாண்டி ரத்தம் கட்டிவிட்டது. லூஜி பட்டியலை மூடப்போனார். மகள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் குடையை மடக்குகிற சத்தம். எதிர்வீட்டுக்காரர். இஸ்திரி போட்ட மேல்சட்டை, உத்தியோக காலத்துப் பேனா. லூஜி எழுந்து நாற்காலி போட்டார்.

"நான் பாத்ததை மட்டும் சொல்றேன்" என்றார் அவர். "இந்தம்மாவை நம்ம தெருவுல மாசமா பாத்தேன். தெருவே பாத்தது. பாக்காதவங்க காதுலயும் விழுந்துது. பெட்டியோட போனதைப் பாத்தேன். சில மாசத்துல கைக்குழந்தையோட வந்ததைப் பாத்தேன்."

"நடுவுல?" என்றார் லூஜி. "இந்தியாவுக்குப் போய்ப் பெத்துட்டு வந்திருந்தா?"

"அவ கார்டைப் பாருங்க."

லூஜி பார்த்தார்.

"இந்தக் கார்டுக்கு பாஸ்போர்ட் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"பாஸ்போர்ட் இல்லாம எப்படிப் போவா? போனாலும் எப்படித் திரும்பி வருவா? இவங்களால எங்கயும் போக முடியாது சயா. அதனால பிள்ளை இங்கதான் பொறந்திருக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு என்ன தோன்றியது என்று இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை. எங்களை எங்கும் நகரவிடாத அந்த வெள்ளை அட்டை, மேசைமேல் என் மகளுக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. லூஜி பேனாவைத் திறந்து, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பர்மியப் பெயரை எழுதினார். எதிர்வீட்டுக்காரர் கீழே கையெழுத்துப் போட்டார், ஒரு புள்ளியையும் விடாமல்.

வெளியே மழை விட்டிருந்தது. நன்றி சொல்லக் குனிந்தேன்.

"குனியாதே" என்றார். "பாத்ததைச் சொன்னேன். கடையில சொன்னதுல மாத்தம் இல்ல. கார்டு குடுக்கக்கூடாதுன்னுதான் இப்பவும் சொல்லுவேன்." குடையை விரித்தவர், மகளைப் பார்த்து, "நாளைக்குப் படம் எடுக்கிறப்ப காது ரெண்டும் தெரியணும். முடியை இழுத்துக் கட்டு" என்றார்.

மறுநாள் அவள் வரிசையில் நின்றாள். காது இரண்டும் தெரிந்தன. அதற்குப் பிறகு கார்டு வரும்வரை நான் தூங்கின தூக்கத்தைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால்கூட வாசலுக்கு ஓடினேன். கார்டு தபாலில் வராது என்று தெரிந்தும்.

ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து கொண்டுவந்தாள். வெள்ளை.

ரிக்‌ஷாப் பையனின் தங்கையுடையது ரோஸாம். மகள் கார்டை மேசைமேல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தற்காலிகம்னு போட்டிருக்கு. எதுவரைக்கும் அப்பா?"

வேடிக்கை எதுவும் வாயில் வரவில்லை. என் கார்டை எடுத்து அவளுடையதன் பக்கத்தில் வைத்தேன். "எனக்கும் அப்படித்தான் போட்டிருக்கு."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னுடையதை விளக்குக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"உங்களுது வெள்ளையே இல்லப்பா. பழுப்பாயிடுச்சு" என்றாள்.