இரண்டு யன்னலில் ஒரு கலியாணம்

வீசா தர மறுத்துவிட்டார்கள். மகளின் கலியாணத்தை இணுவிலில், எங்கள் வீட்டுக் கணினியில்தான் பார்க்க வேண்டியதாயிற்று. லண்டனில் காலை முகூர்த்தம், எங்களுக்குப் பிற்பகல். வெளியே சோளகக் காற்று வாழையிலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அக்கா பட்டுச்சேலை உடுத்து, அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசித் தட்டை மடியில் வைத்தபடி திரைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தாள். தாலி ஏறும்போது அதைத் தூவி வாழ்த்துவது அவள் பொறுப்பு. அத்தான் இருக்கிறார், அவள் போடலாம். என்னுடையவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் போடக்கூடாது. மகனின் கலியாணத்தையும் மண்டபத்துச் சமையலறை வாசலில் நின்றுதான் பார்த்தேன். பெற்றவள் கை அரிசியில் என்ன குறை கண்டார்களோ என்று அன்று தொட்டு எனக்கு ஆத்திரம். யாரிடமும் சொன்னதில்லை.

நேரலைப் பக்கத்தைத் திறந்தேன். படம் வரவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் சதுரம். படம் ஓட்டும் துணைநிரல், பிளக்-இன், இல்லையாம், நிறுவட்டாம். கந்தோர் வேலையில் நாள் முழுக்கக் கணினியோடு மாரடிக்கிறவள்தான் நான், என்றாலும் இரண்டு தரம் தவறவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். பிளக்-இன் ஆமை வேகத்தில் இறங்கத் தொடங்கியது. பொறுக்காமல், கணினியில் இருந்த மற்ற இணைய உலாவியில் அதே பக்கத்தைத் திறந்தேன். ஒன்றும் கேட்காமல் மணவறையைக் காட்டியது. மகள் தலை குனிந்து இருந்தாள்.

“ரெண்டும் ஒரே இன்ரநெற்தானே. ஏன் ஒண்டு கேக்குது, மற்றது கேக்கேல்லை?” என்றாள் அக்கா.

தேத்தண்ணி மாதிரித்தான் என்றேன். சில வீட்டில் சீனி போட்டுக் கலக்கியே தருவார்கள். இந்த உலாவியைச் செய்தவர்கள் படம் ஓட்டும் பிளக்-இன்னை உள்ளேயே வைத்து, பழசானால் தாங்களே புதுப்பித்தும் விடுகிறார்கள். மற்றவர்கள் வெறும் தேத்தண்ணிதான் தருவார்கள். பிளக்-இன் வேறொருவர் செய்த சாமான், வேண்டுமென்றால் நீயே கொண்டுவா, பழுதானால் எங்களைக் கேளாதே என்பது அவர்கள் கொள்கை. உள்ளங்கையில் சீனி வைத்து நக்கியபடி தேத்தண்ணி குடிக்கும் அக்காவுக்கு இந்தக் கொள்கைதான் பிடித்தது. தனக்கு வேண்டிய அளவைத் தான்தானே எடுக்கலாம் என்றாள்.

திரையில் ஓமப்புகை எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்க எங்கள் அறையும் அதற்குள் மிதப்பதுபோல் இருந்தது. சாம்பிராணி வாசம்கூட வந்தது, கொளுத்தியது யாரென்று தெரியவில்லை. அதற்குள் பிளக்-இன் இறங்கி முடிந்தது. நிறுவியதும் முதல் உலாவியின் யன்னலிலும் படம் ஓடியது, ஆனால் கொஞ்சம் பிந்தி. அதை மூட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மகள்கள். ஒருத்தி நிமிர்ந்த பிறகுதான் மற்றவள் நிமிர்ந்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அக்கா எழும்பி அறுகரிசியைத் தூவினாள், திரையில் பட்டு மேசையெல்லாம் சிதறியது. நான் கதிரைக்குப் பின்னால் கைகட்டி நின்றேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன்.

பிந்தி ஓடிய யன்னலில் ஐயர் அப்போதுதான் தாலித் தட்டைச் சபைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே அவள் இன்னும் கன்னிப்பிள்ளை. அக்கா அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

“உதிலை இன்னும் கட்டேல்லை,” என்று அறுகரிசித் தட்டை என்னிடம் நீட்டினாள். “நீ போடு.”

மேளம் மறுபடி எழுந்தது. கை நிறைய அள்ளிப் போட்டேன். அந்த யன்னலில், என் பிள்ளையின் தலையில் விழுந்த முதல் அரிசி என்னுடையது.