அத்தையின் மரணச் சான்றிதழ்

“படிச்சிட்டா சாவு ஒன்ன விட்டு ஒதுங்கிப் போயிருமா?” என்று அப்பா கேட்டார். கேலியாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு அந்தச் சாப வீடியோவைக் காட்டி, புளுகு என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், டியூட்டரி எனும் தனியார் வகுப்பில் வரலாறு படிப்பிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வீடியோவை அனுப்பியவள் என் மாணவி. அதில் சொன்னது: தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்த நம் முன்னோர், காய்ச்சலில் விழுந்தவர்களைப் புதைக்காமல் விட்டுப் போனார்களாம். அந்தச் சாபத்தால் அந்தக் குடும்பங்களில் தலைமுறைக்கு ஒரு மூத்த பெண் இருபத்து நான்கு வயதில் சாவாளாம்.

நடந்ததும் வழியில் செத்ததும் உண்மை. மிச்சம் புளுகு என்று வகுப்பில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தாத்தாவின் பாட்டி வழியில் விழுந்து செத்த தன் மூத்த மகளைக் காட்டில் விட்டு வந்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு. தாத்தாவின் அக்கா இளம் வயதில் செத்தார். அப்பாவின் அக்கா மடுல்கெல்லைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது விழுந்து செத்தார், இருபத்து நான்கு வயதில் என்று தோட்டத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் வீட்டுக்கு மூத்தவள்; எனக்குப் பின் ஒரு தங்கை. அடுத்த மாதம் எனக்கும் இருபத்து நான்கு.

பஸ்ஸில் உட்கார்ந்து நாள்களை எண்ணினேன். வீடியோவின் கீழே ‘எங்கள் வீட்டிலும் நடந்தது’ என்று எழுதியவர்களைத் தேடித் தேடிப் படித்தேன். கடைசியில், பொய் என்று எனக்கே நிரூபிக்க வேண்டி, பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து அத்தையின் மரணச் சான்றிதழை எடுத்தேன். சிங்களத்தில் இருந்ததை நானே படித்தேன். வயது இருபத்து நான்கு. 

அப்பாவிடம் நீட்டி வயதை வாசித்துக் காட்டினேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

“அது செக்ரோல் வயசு, புள்ள, தோட்டத்துப் பேர்ப் புத்தகத்துல உள்ளது. வேலைக்குப் பேர் பதியணும்னு மூணு வயசு கூட்டிச் சொன்னாங்க. அவளுக்கு இருபத்தொன்னுதான்.”

தோட்டத்தில் எல்லோரும் செய்ததுதான். அந்தப் பொய் வயதையே ஆபீஸில் சாவுக்கும் எழுதிவிட்டார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டார். வயதைத் தவிர எதுவும் அதுவரை என் கண்ணில் பட்டிருக்கவில்லை. சாவுக்குக் காரணம் இருதய நோய் என்று வாசித்தேன்.

 அப்பா சொன்னார்: “மூச்சு வாங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாம இருக்கக் கள்ளம் பண்றாள்னு ஏசுனோம்.” தாத்தாவின் அக்காவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தாராம்.

டியூட்டரியின் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது சில மாதங்களாக நான் மூச்சு வாங்கி நடுப்படியில் நிற்கிறேன். வெயில் என்று நினைத்திருந்தேன். வீடியோவைப் பார்த்த பயம் பகலில் குறையும். இந்தப் பயம் குறையவில்லை.

செவ்வாய்க்கிழமை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், சான்றிதழை டாக்டரின் மேசையில் வைத்து, மூன்று தலைமுறைச் சாவுகளையும் சொன்னேன். நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இது பரம்பரையாக வரலாம், கூடப் பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இருதய ஸ்கேனுக்கு என் பெயரைப் பதிந்தேன். அதற்குக் கீழே தங்கையின் பெயரையும்.