ஏழாம் நம்பர் வீட்டுக்காரி

பஸ் கம்பெனி கொடுத்த வாக்கி டாக்கிகளில் பாதி, பேச எடுத்ததும் பேட்டரி போய் ஊமையாகிவிடும். ஏழாம் நம்பர் வண்டியின் ஓட்டுநர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கினார். மேனேஜர் தலையாட்டிய பிறகு, ரேடியோ மெக்கானிக் அதில் கம்பெனி சேனலை ஏற்றித் தந்தார். "லைசென்ஸ் கம்பெனி பேர்ல இருக்கு. இது வேற கைக்குப் போகக் கூடாது, ஆமா" என்றும் சொல்லிவைத்தார்.

மறு வருடமே எல்லா வண்டியிலும் ரேடியோ பொருத்திவிட்டார்கள். சொந்த வாக்கி டாக்கி வீட்டுக்கு வந்தது. சேனலை அழிக்க அவருக்கும் தோன்றவில்லை, கேட்பாரும் இல்லை.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். ஒருநாள் சும்மா அதைத் திருகினாள். "ஏழு, எங்க இருக்கீங்க?" என்றது கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு பெண் குரல். "பாலம் தாண்டிட்டேம்மா" என்றார் கணவர். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டில் ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசாத மனுஷர், அங்கே என்ன குழைவு!

அன்றிலிருந்து தையல் மெஷின் பக்கத்தில் அது ஓயாமல் முணுமுணுத்தது. முகமே பார்க்காதவர்கள் உறவாகிப்போனார்கள். பதினொன்று எதற்கெடுத்தாலும் மூக்கால் அழுவார். மூன்று, பேசி முடித்தும் பொத்தானை விட மறந்து பாட்டுப் பாடி மாட்டிக்கொள்வார். கண்ட்ரோல் ரூம் பெண்ணுக்குத் தொண்டை கட்டினால் இவளுக்கு வேலை ஓடாது.

ஒரு மதியம் கணவரின் குரல் இறங்கியிருந்தது. "கண்ட்ரோல், நெஞ்சு கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கு. ஸ்டாண்டுக்கு வந்து பாத்துக்கறேன்."

கண்ட்ரோல் வாயைத் திறப்பதற்குள் இவள் பொத்தானை அழுத்திவிட்டாள். "ஸ்டாண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்! வண்டிய ஓரங்கட்டுங்க, இப்பவே!"

கணவர் குரல் மெதுவாக வந்தது, "சரி, ஓரங்கட்டிட்டேன்."

"யாரும்மா பேசறது?" என்றாள் கண்ட்ரோல் பெண்.

"ஏழாம் நம்பர் வீட்டுக்காரி. முதல்ல ஆம்புலன்ஸ் அனுப்பு தாயே, அப்புறம் திட்டிக்கோ."

நல்லவேளை, நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்; பிழைத்தார். பழப்பையோடு பார்க்க வந்த மேனேஜருக்குத் திட்டவும் மனமில்லை, விடவும் வழியில்லை. "நல்ல காரியம்தான் பண்ணீங்க. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே" என்று வாக்கி டாக்கியை வாங்கிப்போனார். மெக்கானிக் சேனலை அழித்துத் திருப்பி அனுப்பினார். திருகினால் வெறும் இரைச்சல். கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. எத்தனையோ வருடம் கழித்தும், மதியத்தில் வீடு அடங்கினால் காது அந்தக் குரல்களைத் தேடும்.

கண்ட்ரோல் பெண் மட்டும் பிறகு துணி தைக்கக் கொடுக்கும் சாக்கில் வரத் தொடங்கினாள். இவள் மனதில் வைத்திருந்தது வாட்டசாட்டமான ஆளை. வந்தது ஊதினால் பறக்கும் ஒல்லிப் பெண். நேருக்கு நேர் பார்த்தால் யாரோபோல் இருக்கும். இவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, "ம், சொல்லு" என்பாள். குரல் மட்டும் கேட்கும்; அப்போதுதான் அது அவளாகும்.