தீவில் நின்ற மாப்பிள்ளை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை. திருப்பூர்ப் பக்கம் முதலிபாளையத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு அன்று மதியம் பெண் வீட்டார் வருவதாக ஏற்பாடு, எங்கள் வீட்டைப் பார்ப்பதற்காக. எங்கள் பக்கம் இது லேசான விஷயம் இல்லை. ஜாதகம் பொருந்தியிருக்கும், பெண்ணும் பிடித்திருக்கும், ஆனால் வீடு பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்துவிட்டால் எல்லாம் அதோடு சரி.

பெண்ணை அதற்கு முன்பே அவிநாசி கோயிலில் பார்த்திருந்தேன். பேசியது ரொம்பக் கொஞ்சம், அதுவும் வெயிலைப் பற்றி. ஆனால் எனக்கு மனதுக்குள் இவள்தான் என்று ஆகிவிட்டது. அம்மாவுக்குத்தான் பயம். அதற்கு முந்தைய வரன் தட்டிப்போனதற்கு நான்தான் காரணமாம். வந்தவர்களிடம் உட்கார்ந்து புல்லைப் பற்றிப் பேசினேனாம். பேசினேன்தான்.

"கண்ணு, இந்தத் தடவ செடி, கொடி, கல்லுன்னு எதையும் வாயத் தொறந்து சொல்லிப்போடாத. கம்பெனியப் பத்தி மட்டும் பேசு" என்று முந்தைய நாளே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

எங்கள் ஊர்க் குளத்தின் நடுவில் ஒரு தீவு உண்டு. தீவு என்று சொல்வது நான் மட்டும்தான். ஊரில் எல்லோருக்கும் அது திட்டு. கரையிலிருந்து பார்த்தால் முள்ளும் புதருமாகத் தெரியும். யாரும் போக மாட்டார்கள், ஆடு மாடும் போக முடியாது. அதனாலேயே வெளியே காணாமல் போன செடி கொடியெல்லாம் அங்கே இருக்கிறது. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து குளம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு மழை பெய்தால் தீவில் பாதி முழுகிவிடும். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம் என்று விடிந்ததும் கிளம்பினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

குளத்தில் மீன் குத்தகை எடுத்திருக்கும் அண்ணன் எனக்குப் பழக்கம். பரிசலை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டார். தீவில் இறங்கிய பிறகுதான் பரிசலில் கயிறு இல்லை என்று தெரிந்தது. என் பையில் நீளமாக ஒரு பனியன் வேஸ்ட் துணி கிடந்தது. திருப்பூரில் தக்காளிச் செடியில் ஆரம்பித்து பைக் சைலன்சர் வரை எதைக் கட்டுவதற்கும் பனியன் வேஸ்ட்தானே! பரிசலை ஒரு வேரில் கட்டிவிட்டு நடந்தேன்.

அந்தத் துணி லைக்ரா போட்ட ரிப், ரப்பர் மாதிரி இழுபடும். கம்பெனியில் என் வேலை குவாலிட்டி செக்கிங். துணி எவ்வளவு இழுக்கிறது, இழுத்தால் எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

தீவுக்குள் நுழைந்ததும் எனக்கு உலகம் மறந்துவிட்டது. மேற்குப் பக்கம் முழுக்கப் பாறை, நடுவில் வெள்ளை வெளேரென்று வெங்கச்சாங்கல் ஓடியிருக்கும். பாறை இடுக்கில் பறவை எச்சத்தில் முளைத்த ஆலங்கன்று, அதன் மேல் பிரண்டை. கிழக்குப் பக்கம் வண்டல். அங்கே தண்ணீர் கரையை அரித்துவிட்டதில் மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது. கீழே செம்மண், மேலே கறுப்பு வண்டல், இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி நூல் பிசிறும் சட்டைப் பட்டனும். எங்கள் ஊர் எப்போது பனியன் ஊரானது என்று அந்தக் கரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேட்டில் கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு நின்றது. வெள்வேல் மரத்தில் செங்காந்தள் ஏறி, உச்சி வரை நெருப்பு மாதிரி பூத்திருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, தெரியாது.

திரும்பி வந்தால் பரிசல் இல்லை. காற்றில் அது இழுக்க இழுக்க ரிப் துணியும் பெருந்தன்மையாக நீண்டுகொடுத்து, முடிச்சு தளர்ந்து உருவிக்கொண்டுவிட்டது. பரிசல் ஒய்யாரமாகத் தூரத்துக் கரையோரச் சம்புக் கோரைப் புதரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. குத்தகைக்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். பந்தியில் இருந்தாராம், சாப்பிட்டதும் வருகிறேன் என்றார். அம்மாவுக்குப் போட்டேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, சித்தப்பா, தம்பி என்று ஒரு கார் நிறைய. பையன் எங்கே என்றதற்கு, கம்பெனியில் அவசர வேலை, வந்துவிடுவான் என்று அம்மா சமாளித்தாராம். காபி குடித்தார்கள், கிணறு பார்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். வீடு பார்க்க வந்தவர்கள் மொட்டை மாடியைப் பார்க்காமல் போவார்களா? எங்கள் மாடியிலிருந்து குளம் முழுக்கத் தெரியும். அண்ணன் கண்ணில் படட்டும் என்று நான் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்த நேரம்.

"அதாருங்க, குளத்துக்குள்ள?" என்றாராம் பெண்ணின் அப்பா. அம்மாவுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் குளக்கரைக்கு வந்துவிட்டது. நான் லுங்கியோடு, முழங்கால் வரை சேறோடு நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை. எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். அப்போது போன் அடித்தது. புது நம்பர், வீடியோ கால். எடுத்தால் பெண்! அவள் தம்பி விஷயத்தைச் சொல்லி நம்பரையும் கொடுத்துவிட்டானாம்.

"அங்க என்னங்க இருக்குது?" என்றாள்.

அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் தீவில் நின்றுகொண்டு கம்பெனியைப் பற்றி என்ன பேசுவது? போனைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தேன். பாறை, வெங்கச்சாங்கல், புல், பட்டன் புதைந்த மண். நடுவில் நிறுத்தி, "பாம்பு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்க. இப்பத்தான் ஒண்ணு போச்சு."

"அப்பறம் எப்படீங்க சிரிச்சுட்டு நிக்கறீங்க?" என்று அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் செங்காந்தளைக் காட்டினேன். "இன்னும் கிட்டத்துல காட்டுங்க" என்றாள்.

அண்ணன் வந்து பரிசலைப் புதரிலிருந்து மீட்டுக்கொண்டு கிளம்பியபோது, பெண்ணின் அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டி ஏறிக்கொண்டார். அவர் மூலனூர்ப் பக்கம் கண்வலி விவசாயம் செய்கிறவர். செங்காந்தளுக்கு அங்கே அதுதான் பேர். தீவில் இறங்கியவர் நேராக மேட்டுக்குப் போய் வெள்வேலை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங் தம்பி, எங்க காட்டுல கம்பி கட்டி ஏத்தி உடறோம். இங்க தானா ஏறியிருக்குதே! தண்ணி ஆருங்க உடறாங்க?"

"ஆரும் உடறதில்லீங்க."

அவர் கொடியைத் தொட்டுப் பார்த்தார், மண்ணை அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். அவர் கேட்காமலே நான் பக்கத்தில் நின்று, ரிப் துணி காலை வாரிய கதை வரை சொல்லிக்கொண்டே போனேன். கரையிலிருந்து அம்மா கையை ஆட்டி ஆட்டிப் போதும் என்று சைகை காட்டியதை நான் பார்க்கவே இல்லை.

கிளம்பும்போது பரிசலை அவர் ஏறுவதற்கு வாகாகப் பிடித்துக் கட்டலாம் என்று வேரிலேயே கிடந்த அந்த ரிப் துணியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் துணிய மட்டும் இனிமே தொடாதீங்க, மாப்பிள்ள."

அதுவரை நான் அவருக்குத் தம்பி. முதல் தடவையாக மாப்பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசல்கார அண்ணன் விட்டாரா? மாப்பிள்ளை அழைப்பைத் தண்ணீரிலேயே நடத்திய ஒரே ஊர் நம்முடையதுதான் என்று கரை சேரும் வரை கத்திக்கொண்டே வந்தார்.

தை மாதம் கல்யாணம். அன்றைக்கு நான் குளித்து, சட்டை மாட்டி, கம்பெனியைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் இது நடந்திருக்குமா என்று மனைவியிடம் கேட்டேன். "நடந்திருக்கும், ஆனா ஆரைக் கட்டிக்கறேன்னு தெரியாம கட்டியிருப்பேனுங்க" என்றாள். நம்மை நல்லபடியாகக் காட்டிக்கொள்ள எவ்வளவோ பாடுபடுகிறோம். அன்று எனக்கு அதற்கு வழியே இல்லாமல் போனதுதான் என் வாழ்க்கையில் நடந்த நல்லது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.