அவசரம் லேது

என் பிள்ளைகளே, நான் தெலுங்கு பேசினால் நீங்கள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து தெலுங்கு படித்தவர்கள். நான் ஐந்தாவது வரைக்கும் தமிழ் படித்துவிட்டு, தெலுங்கைப் புத்தூர் வேர்க்கடலை மண்டியில் தராசு பிடித்துக்கொண்டே கற்றவன். மூட்டை, எடை, விலை, வண்டி வாடகை இவற்றுக்கு வேண்டிய தெலுங்கு என்னிடம் தாராளமாக உண்டு. அதற்கு வெளியே போனால் தடுமாற்றம்தான். அப்படி ஒருமுறை தடுமாறியதில் நம் வீட்டுக்குக் கூரையே இல்லாமல் போகவிருந்தது. உங்கள் அம்மா இதைச் சொல்லும்போது கொஞ்சம் உப்பு புளி சேர்த்துத்தான் சொல்லுவாள். நான் நடந்தபடி எழுதுகிறேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. ஆனால் எந்த ஊர் ஆந்திராப் பக்கம், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் என்பது முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கார்த்திகையில்தான் புயல் வந்தது. பக்கத்துக் கொல்லையில் இருந்த தென்னை சாய்ந்து நம் வீட்டுப் பின்கட்டின் மேல் விழுந்தது. நாட்டு ஓடு அத்தனையும் நொறுங்கியது, பனஞ்சட்டங்கள் முறிந்தன. முன்கட்டு ஓட்டைக் காற்றே அள்ளிக்கொண்டு போய்விட்டது.

உங்களில் இரண்டு பேர் அப்போது பிறந்திருந்தீர்கள். சின்னவள் அம்மா வயிற்றில் இருந்தாள், மாதம் நெருங்கியிருந்தது. அம்மாவை நாராயணவனத்தில் அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் அங்கே சுவரே உட்கார்ந்துவிட்டது என்று சேதி வந்தது. மண்டி முதலாளி கிடங்கில் ஒரு மூலையைக் காட்டி, "காய் வரத்து ஆரம்பிக்கிற வரைக்கும் இருந்துக்கோ" என்றார். புதுக் கடலைக்காய் வந்துவிட்டால் கிடங்கு நிறைந்துவிடும். அதற்கு முன்னால் பின்கட்டுக்காவது ஓடு போட்டாக வேண்டும், பிள்ளை அங்கேதான் பிறக்க வேண்டும். என் தலையில் இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

வீடு இழந்தவர்களுக்குச் சர்க்கார் பணம் தரப்போகிறது என்று சொன்னார்கள். டீக்கடையில் அதே பேச்சு. டீக்கடைக்காரர் மெட்ராஸ் பக்கம் போக வேண்டும் என்ற கட்சி. "ஓட்ட எடுத்துனு போனது எந்த சர்க்கார் காத்து? அத மொதல்ல சொல்லு. மெட்ராஸ் பக்கத்துலர்ந்துதான வந்துச்சி? அப்ப மெட்ராஸ்காரன்தான் துட்டு குடுக்கணும்" என்பார். ஆந்திரா பணத்தைக் கையில் வாங்கினால் ஊரே ஆந்திராவுக்கு எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றும் சிலர் பயந்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு நாள் காலையில் ரெவின்யூ அதிகாரி தெருவுக்கு வந்தார். கிருஷ்ணா ஜில்லாப் பக்கத்து மனிதர், புதிதாக மாற்றலாகி வந்தவர். தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. நான் உடைந்த ஓடுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்றபடியே கூரையைப் பார்த்தார்.

"ஏமய்யா, இல்லு பாகு சேயிஞ்சுகோடானிகி டப்பு அவசரமா?" என்று கேட்டார்.

வீட்டைச் சரிசெய்யப் பணம் அவசரமா என்று கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். மண்டியில் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். காயைக் கொட்டிவிட்டு, "சாமி, அவசரமா துட்டு வேணும்" என்கிற குடியானவனுக்குத்தான் விலை இறங்கும். "அவசரம் ஒண்ணும் இல்ல" என்று துண்டை உதறிப் போட்டு உட்காருகிறவனைக் கூப்பிட்டு நல்ல விலை கொடுப்பார்கள். கேட்கிறவர் பெரிய மனிதராக இருந்தால் இது மரியாதையும்கூட. ஆகவே கையைக் கட்டிக்கொண்டு, "அவசரம் லேது சார்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். "மஞ்சிதி", நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். நல்ல மனிதர், நம் பொறுமையை மெச்சினார் என்று நினைத்துக்கொண்டு நான் மறுபடி ஓடு பொறுக்கப் போனேன்.

அன்று சாயங்காலம் டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்கவில்லை. கடையில் இருந்தவர்கள் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார்கள்.

"மூஞ்சில அடிச்சாப்ல சொன்னியாமே அண்ணே! உன் துட்டு எனுக்கு வாணாம்னு! நீ வாயே தொறக்க மாட்டியேன்னு நெனச்சேன்."

"நான் அப்படி எங்கப்பா சொன்னேன்? அவசரம் இல்லன்னுதான்..."

"பாத்தியா, எவ்ளோ அடக்கம்! மனுசன்னா இப்படிக்கீணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிடங்குக்குப் போய் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் நாராயணவனத்தில் தெலுங்குக்காரர் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள். மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னா சொன்னீங்க? அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவங்க அவசரம்னா நம்ம தேவை. துட்டு தேவையான்னு கேட்டுகிறாரு. நீங்க தேவையில்லன்னு சொல்லிட்டு வந்துகிறீங்க."

"மண்டியில வேணுமான்னா காவாலான்னுதான கேப்பாங்க?"

"மண்டியில ஆபீசரா தராசு புடிக்கிறாரு?"

டீக்கடையில் பேசிக்கொண்டதையும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "உங்க வீரத்த எடுத்து வூட்டு மேல வேஞ்சிட்டா மழ ஒழுவாதா? போய்க் கேட்டு வாங்கினு வாங்க."

பள்ளிக்கூடத்தில் வைத்துப் பணம் கொடுப்பார்கள் என்று தெரிந்தது. அம்மா எனக்கு மூன்று வாக்கியங்கள் சொல்லிக்கொடுத்தாள். குழந்தைக்குச் சொல்வது போலத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். மனைவிக்கு மாதம் நிறைந்துவிட்டது, வீட்டுக்குக் கூரை இல்லை, பணம் தேவை என்பதுதான் அந்த மூன்றும். தெலுங்கில் கூரைக்குக் கப்பு என்று பேர்.

வரிசை நீளமாக இருந்தது. முகத்தை மறைக்கிற மாதிரி துண்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். பார்த்தால் டீக்கடைக்காரர்.

"நீயுமா?" என்றேன்.

"கடைக் கீத்தெல்லாம் பூட்ச்சி அண்ணே. எல்லை வேற, கீத்து வேற" என்றவர், என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "நீ இன்னாத்துக்கு வந்த? நீதான் வாணான்னுட்டியே!"

அதற்குள் என் முறை வந்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மீக்கு அவசரம் லேதன்னாரு கதா?" என்றார். உங்களுக்குத் தேவையில்லை என்றீர்களே என்று அர்த்தம். அன்று "ஏமய்யா" என்றவர் இன்று மரியாதையாகப் பேசியதுதான் எனக்குச் சுட்டது.

வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா சொல்லிக்கொடுத்ததை உரக்கவே சொன்னேன். "நா பார்யக்கு நெலலு நிண்டாயி சார். இண்டிகி கப்பு லேது. டப்பு அவசரம். சால அவசரம்."

"கப்பு இல்லியா? நம்ம கடையில கீது, வந்து எடுத்துனு போ அண்ணே!" என்றார் டீக்கடைக்காரர். வரிசையே சிரித்தது.

அதிகாரிக்குக் கோபம். என்ன சிரிப்பு என்று கேட்டார். டீக்கடைக்காரர் பயந்துபோய், டீ குடிப்பது போலக் கையை வாயருகே வைத்துக் காட்டி, தமிழில் கப்பு என்றால் இதுதான் என்று பாதித் தெலுங்கில் விளக்கினார். அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், அவசரம் என்றால் உங்கள் பாஷையில் என்ன என்று.

தெலுங்கில் எனக்குச் சொல்ல வரவில்லை. அங்கேயே இரண்டடி ஓடிக் காட்டினேன்.

"ஓஹோ, தொந்தரா!" என்றார் அவர். நம் அவசரத்துக்குத் தெலுங்கில் அதுதான் பேர். அந்தச் சிடுசிடு முகத்தில் அப்போதுதான் பல்லைப் பார்த்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

முழுப் பணம் கிடைக்கவில்லை. பெரும்பகுதி ஏற்கனவே ஒதுக்கியாகிவிட்டது என்றார்; மிச்சத்தில் இருந்து ஒரு பங்கு கொடுத்தார். அதில் பின்கட்டுக்கு மட்டும் ஓடும் சட்டமும் வாங்க முடிந்தது. முன்கட்டுக்கு அந்த வருஷம் பனை ஓலைதான். புயலுக்குப் பிறகு தச்சர்களுக்கு ஏகக் கிராக்கி. வேலைக்கு வந்த ஆசாரி முதலில் கேட்டது, "அவசரமா?" என்றுதான். தமிழ் அவசரம். கூலி ஏறும் என்று தெரிந்தே, "ஆமாய்யா, அவசரம்" என்றேன். ஏற்றித்தான் வாங்கினார். கூலிக்கு மண்டியில் முன்பணம் எடுத்தேன்.

டீக்கடையில், பணம் வாங்கிய மறுநாளே என்னிடம் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். பெஞ்சில் யாரும் எழுந்து இடம் விடவுமில்லை. "கப்பு" என்று கூப்பிடுவது மட்டும் கொஞ்ச காலம் நிலைத்தது.

ஓடு போட்டு முடித்து ஆசாரி போன பிறகு, அம்மாவைக் கிடங்கிலிருந்து கூட்டி வருவதற்கு முன்னால், நான் மட்டும் வீட்டுக்குப் போனேன். கிணற்றில் ஒரு குடம் இறைத்து, ஏணியில் ஏறி, பின்கட்டு முகட்டில் மெதுவாகக் கவிழ்த்தேன். தண்ணீர் ஓட்டு வரிசைகளில் பிரிந்து இறங்கியது. கீழே வந்து, கட்டில் போடப்போகும் இடத்தில் முழந்தாளிட்டு உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தேன். சுவரோரம் ஒரு கை அகலம் ஈரமாக இருந்தது. மேலே ஏறி அங்கே ஓடு ஒன்றை நகர்த்தி அழுத்தி வைத்துவிட்டு, இன்னொரு குடம் இறைக்கப் போனேன்.